பிரெஞ்சுப் புரட்சியும் பசைக் கிண்ணமும்

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் புரட்சி தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை கிடையாது, எரிச்சல்தான்.

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகளெல்லாம் அவரவர் அம்மாவோடு உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டுவார்கள். ஒரே பாட்டும் கேலியுமாக இருக்கும். என்னை மட்டும் அம்மா பசைக் கிண்ணத்தின் பக்கமே விடமாட்டாள். பத்தாவதோடு நின்றுபோனவள், அந்த வருஷம் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதக் கிளம்பியிருந்தாள். அவள் ஒட்ட ஒட்ட, நான் எதிரே உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அச்சு விலகிப்போன பட்டாசு லேபிளில் அட்டை போட்டிருந்த புத்தகம். அதிலிருந்த பூனைக்கு நான்கு காது.

பிரெஞ்சுப் பெயர்களோ வாயில் நுழையாது. அதைக் கடந்து தொழிற்புரட்சிக்கு வந்த அன்று, சீக்கிரம் முடித்துவிட்டுப் பாண்டி ஆட ஓடலாமென்று இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். அம்மா நிமிரக்கூட இல்லை. கை அதுபாட்டுக்கு அட்டையை மடித்துக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, ஆலை வேலைக்குப் போன பிள்ளைக எங்க? அதுக்குள்ள ரயிலு வந்துருச்சு. முன்பக்கத்துக்குப் போ."

அந்தப் பாடத்தை அன்றுதான் முதல்முறையாக வாசிக்கிறேன். அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும்போல என்று விட்டுவிட்டேன். பொழுதெல்லாம் தறிக்கு முன்னால் நின்ற சின்னப் பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பத்தியை அவள் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். முக்கியமான கேள்வியாக்கும் என்று பென்சிலால் நட்சத்திரம் போட்டுவைத்தேன்.

தீபாவளி சீசன் நெருங்கியதும் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை.

"ஆர்டர் அம்புட்டுக் கெடக்கு. இவளும் ஒரு கை போட்டா என்ன தேஞ்சா போவா?"

நான் ஆசையாகப் புத்தகத்தை மூடினேன்.

"இவ வாசிக்காட்டி நான் எங்கிட்டு மதினி பாஸாக?" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் அசையவில்லை. அத்தையை அப்படி எதிர்த்து நின்ற இன்னொருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அத்தை இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

தேர்வு முடிந்து, அப்பா சிவகாசிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்து, அம்மா வரலாற்றில் தேறிவிட்டாள் என்றார். அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம். விட்டது சனி என்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பசைக்குள் கையை விட்டேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, முந்தானையால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"பொருளியல் பாக்கி இருக்கு. போய் அந்தப் புஸ்தகத்த எடுத்தா."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு பக்கம்கூடத் தானாக வாசிக்க வராத அம்மா எனக்கு மட்டும் ஏன் வாய்த்தாள் என்று அழுதேன். லோடு வண்டிக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வரி பிசகாமல் வாசித்துக் காட்டுபவளே அவள்தான் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அடுத்த ஜூனில் எங்கள் தெருவிலிருந்து ஆறாம் வகுப்புக்கு நான் ஒருத்திதான் போனேன். துணைக்கு ஆளில்லாமல் அவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கிறதே என்று, அதற்கும் அம்மாவிடம்தான் சண்டை போட்டேன்.