மூக்குத்தி கழற்றிய பெண்கள்

மேரு ரோட்டில் புதிதாக எழும்பும் ஏதோ கட்டடத்திலிருந்து ஈரச் சிமெண்டும் காயாத பெயிண்டும் கலந்த வாடை இன்று காருக்குள் வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன். எனக்கு அந்த வாடை ஆகாது.

கம்பெனி ரப்பர் தோட்டத்தை விற்ற பிறகு, வேலை போனவர்களுக்காக எங்கள் லயத்து வீடுகளுக்கு எதிரே கவர்மெண்ட் கட்டிய பேக்டரியிலும் இதே வாடைதான். நேற்றுவரை பால்வெட்டிய பெண்கள் சாயங்காலமானால் குளித்து, தலை பின்னி, வேலியோரம் நின்று, மெசின் எந்தப் பக்கம் வரும், கேன்டீன் எந்தப் பக்கம் வரும் என்று பேசியபடி அந்த நீலத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்னச் சின்ன சாமான் செய்கிற இடம், மூக்குத்தி கழன்று விழுந்தால் சரக்கே கெட்டுவிடும், போட்டவர்களை எடுக்கமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் முன்பே அத்தனை பேரும் கழற்றினார்கள். அம்மாவுடையது சோப்பு போட்டும் வரவில்லை. அப்பா குறடால் திருகி எடுத்தார்.

கூரை வந்தது, கேட் வந்தது, பூட்டும் வந்தது. மெசின் வரவேயில்லை.

"திரும்பப் போட்டுக்கலாம்லா" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் அம்மா, "நாளைக்கே கூப்பிட்டா என்னங்க பண்றது?" என்பாள். தகரம் துருவேறி, வேலிக்குள் லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்த பிறகும் அதையேதான் சொன்னாள்.

போன மாதம் அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், சுமங்கலியாகப் போகிறவள் என்று அப்பா அந்த மூக்குத்தியைக் கொண்டுவந்தார். அம்மாவின் மூக்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். துளை எப்போதோ தூர்ந்திருந்தது. சந்தனம் குழைத்து ஒட்டவைத்தோம்.

தூக்கும்போது விழுந்துவிட்டது.