வாசல் இல்லாத மேகம்

விருதுநகர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அக்கா, ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படாதபடி தொப்பியை இறக்கிவிட்டு மடியிலிருந்த அட்டையையே பார்த்திருந்தாள். அதில் கடிகாரம் போல் முள்ளோடு சில வட்டங்கள் வரையப்பட்டிருந்தன.

"என்னக்கா செய்றீக?"

"விமானம் ஓட்டப் படிக்கேன். மேகத்துக்குள்ள விமானம் சாய்ஞ்சா, இந்த முள்ளைப் பார்த்துத்தான் நிமித்தணும். போன பரீட்சையில முள்ளைப் பார்க்குமுன்ன கை தானா பிடியை இழுத்துட்டுது. நாளைக்கும் தோத்தா வீட்டுக்கு அனுப்பிருவாக."

"ஏங்க்கா அம்புட்டு அவசரம்?"

"பட்டாசுக் கம்பெனியில வளந்தவ. புகைன்னா பார்க்காம வாசலுக்கு ஓடித்தான பழக்கம்?"

நானும் பட்டாசு ஊர்க்காரிதான்; எனக்கும் அதே பழக்கம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் என்ற மிடுக்கில், "பயப்படாதீக" என்றேன்.

"பயமில்ல தங்கச்சி. அங்கன ஓட வாசல் இல்ல, அதான்."

ஆமத்தூர் வளைவில் பஸ் சாய்ந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்தோம். அவள் கை பாதி எழும்பி நின்றது. கம்பியைத் தொடுமுன் கண் அட்டைக்குப் போனது.

ஜெயித்தாளா, தெரியாது. பஸ் சாய்ந்தால் என் கை இன்னமும் முதலில் கம்பிக்குத்தான் போகிறது.