மூக்கில்லாத மயில்

சாஃப்ட்வேருக்குப் பூட்டு எழுதும் வேலை, ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணுக்கும் படாது. சொதப்பினால் ஊருக்கே தெரியும். அனுபவிக்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

முதல் பூட்டு

வைட்ஃபீல்டில் எங்களுடையது சின்னக் கம்பெனி. பிளவுஸில் மயில், மாங்காய் எல்லாம் மெஷினே தைக்கும்படி டிசைன் போடும் சாஃப்ட்வேர் ஒன்றுதான் எங்கள் சோறு. அதைக் காப்பியடிக்க முடியாதபடி மாதக்கணக்கில் நான் எழுதிய பூட்டை, எவனோ ஒரே வாரத்தில் கழற்றி டெய்லர்களின் ஆன்லைன் குழுவில் இலவசமாகப் போட்டுவிட்டான். முதலாளி சுஜாதா மேடம் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அடுத்த பூட்டும் போச்சுன்னா கடையை மூடிட்டு எல்லாரும் வேற வேலை தேடிக்கலாம்பா."

சர்வீஸ்

இந்த முறை வாசலில் ஒரு பூட்டோடு நிறுத்தாமல், திருட்டுக் காப்பியா என்று பார்க்கும் சோதனைகளை உள்ளே மூலைக்கு மூலை ஒளித்து வைத்தேன். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று உடனே மூச்சு விடாது. சில நாள் கழித்து, பறவைகளின் மூக்கை மட்டும் தைக்காமல் விட்டுவிடும். கோளாறு எங்கே என்று கழற்றியவனுக்கே புரியாது.

ஒரு டெய்லர் போன் செய்து, மயிலுக்கு மூக்கு வரவில்லை, முகூர்த்தம் நெருங்குகிறது என்று கத்தினார். பில் நம்பர் கேட்டேன். ஃபிரெண்டு பென்டிரைவில் கொடுத்தாராம். அப்படியென்றால் அது திருட்டுக் காப்பி என்றேன், முடிந்தவரை மரியாதையாக. மனிதர் அசரவே இல்லை.

"காப்பி திருட்டா இருக்கட்டும் சார், சர்வீஸ் ஒழுங்கா இருக்கணும்ல?"

ஸ்டெல்லா அக்கா

சிரித்து முடிப்பதற்குள் விவேக் நகரிலிருந்து டெய்லர் ஸ்டெல்லா அக்கா கூப்பிட்டார். அவர் முறையாக வாங்கியவர். கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு மாற்றியதும், என் பூட்டு அதை வேறு கம்ப்யூட்டர் என்று நினைத்து அவரையும் திருடர் கணக்கில் சேர்த்துவிட்டது. சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும்போது போடும் புதுநன்மை உடுப்புகளில் புறாவுக்கு மூக்கில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆட்டோ பிடித்து ஓடிச் சரிசெய்தேன். இனி கம்ப்யூட்டர் மாறினால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே சந்தேகப்படும்படி பூட்டையும் திருத்தினேன். அக்கா டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பூட்டு போடு தம்பி, வேணாங்கல. சாவி வச்சிருக்கவங்கள உள்ள விட்டுடு."

எதிராளி

முதல் பூட்டைக் கழற்றிய அதே ஆசாமி, இரண்டாவதோடு பல வாரம் மல்லுக்கட்டினான். ஒட்டுப்போட ஒட்டுப்போட வேறெங்காவது கிழிந்தது. இலவசக் காப்பி எப்போது சரியாகும் என்று நச்சரித்த கூட்டத்துக்குக் கடைசியில் அவன் எழுதிய பதிலை மேடத்திடம் காட்டினேன். கடை மூடும் பேச்சை அவர் அன்றோடு விட்டார். அவன் எழுதியிருந்தது இதுதான்:

"என்னால முடியல. எவன் எழுதினானோ, நல்லா எழுதியிருக்கான். காசு கொடுத்தே வாங்கிக்கங்க."

இத்தனை வருஷத்தில் என் வேலையை வரிவரியாகப் படித்துவிட்டுப் பாராட்டிய ஒரே ஆள், அதைத் திருட வந்தவன்தான்.