மழை நாளில் போட்ட கூரை

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். கரங்கான் ஊரைத் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம் வரும். தோட்டத்துச் சாலையை நாங்கள் சடக்கு என்போம்; அந்தச் சடக்கு முனையில்தான் பிள்ளைகள் பள்ளி வேனுக்காக நிற்பார்கள். மழை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. நனைந்த சட்டையோடுதான் வகுப்பில் உட்கார வேண்டும்.

நான் கூலிம் நகரத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். எங்கள் இளைஞர் குழுவுக்கு நான்தான் தலைவி. நாடு முழுக்க நடக்கும் சமூக சேவை நாளுக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளைஞர்களுக்கு நிதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த முனையில் ஒரு கூரை போடுகிறோம் என்று மனு எழுதினேன். கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை, அந்த ஒரு நாளிலேயே வேலையை முடித்துப் படம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பணம் வந்ததும் நாங்கள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? மஞ்சள் நிறத்தில் டீ-சட்டை அடித்தோம். அப்புறம் பெரிய பேனர். நம் ஊரில் இது இரண்டும் இல்லாமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது? கடைசியில் வேலை தெரிந்த ஆளை வைக்கக் காசு பத்தவில்லை. இருபது பேர் இருக்கிறோம், நாமே செய்துவிடலாம் என்று வாய்ப்பந்தல் போட்டேன்.

தோட்டத்து மக்களோடு பேச ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தேன். ஒருவர்கூட வரவில்லை. "இவங்களுக்கெல்லாம் அக்கறை எங்க இருக்கு" என்று எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பினேன். அந்த நேரத்தில் எல்லாரும் ரப்பர்க் காட்டில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. இத்தனைக்கும் என் அம்மா பால் மரம் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

அந்தச் சேவை நாளும் வந்தது, விடியும்போதே மழையும் வந்தது. ஒருத்தனுக்கு வயிற்று வலி, இன்னொருத்தன் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வந்து சேர்ந்தது ஆறே பேர். பட்டறையிலிருந்து வந்த இரும்புச் சட்டத்தைச் சடக்கோரம் இறக்கி வைத்துவிட்டுக் குழி தோண்டினோம். தோண்டத் தோண்டத் தண்ணீர் நிரம்பியது. அவ்வளவு ஆசையாக அடித்த பேனர், சிமெண்டு மூட்டையை மூடத்தான் உதவியது. பத்து மணிக்கெல்லாம் எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. நிதி கொடுத்த அலுவலக அதிகாரிக்கு ஃபோன் போட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் தோட்டத்து வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஓர் அக்கா ரப்பர்ப் பால் வாளியோடு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"மழையில மரம் வெட்ட முடியாதுமா. அதான் வந்துட்டோம். என்ன செய்யணும், சொல்லுலா" என்றார்.

நான் குழியைக் காட்டினேன். அவர்களே பால் வாளியால் குழித் தண்ணீரை இறைத்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டும் கேன்வாஸைக் கொண்டுவந்து மேலே இழுத்துக் கட்டினார்கள். எங்கள் குழிகளைப் பார்த்து ஓர் அண்ணன் சிரித்தார். "தங்கச்சி, இது தூண் நடுற குழியா, வாழைக்கன்னு நடுற குழியா?" என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியை வாங்கி அவரே இடுப்பளவு வெட்டினார்.

மழை விட்டதும் எல்லாரும் கோப்பி குடித்தோம். சந்தோஷத்தில், "நல்ல வேளை மழை பெஞ்சுச்சுக்கா" என்று உளறிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "உனக்கு நல்ல வேளைதான்மா. எங்களுக்கு இன்னிக்குச் சம்பளம் இல்ல" என்றார். மழை நாளில் எண்ணெய் எடுக்கும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போவார்களாம். அந்தக் கைக்காசை வைத்துத்தான் சமாளிப்பார்களாம்.

"அப்ப இன்னிக்கு ஏன்கா போகல?"

"நனையிறது எங்க பிள்ளைங்கதானே" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போய்விட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான்கு மணிக்குக் கூரை எழும்பிவிட்டது. சேறும் சிரிப்புமாக எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரமே நல்ல மழை. கூரைக்குக் கீழே பிள்ளைகள் காய்ந்த சட்டையோடு நிற்கும் வீடியோவை அக்கா அனுப்பினார். எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அறிக்கை எழுதும்போது, நிதி வழங்கியவர்கள் என்ற இடத்தில் அலுவலகத்தின் பெயரைப் போட்டுவிட்டு, கீழே 'தோட்டத்து மக்கள், ஆளுக்கு ஒரு நாள் கூலி' என்று சேர்த்தேன். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, இதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். ரசீது இல்லை, ஆனால் அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் போகும்போது யாராவது, "நீங்க போட்ட கூரைதானே இது?" என்று கேட்டால், அக்கறை இல்லாதவர்கள் என்று நான் வாய் கூசாமல் சொன்ன மனிதர்கள்தான் இதைப் போட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.