வழக்கம்போல நடத்துங்கள்

போன வாரம் மெட்ரோவில் காளிகாட் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். வண்டிக்குள் எதையும் தின்னக்கூடாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் ஆரஞ்சுக்கு, வங்காளிகள் பாஷையில் கமலாலேபுவுக்கு, மட்டும் அந்த விதி கிடையாது என்பது கல்கத்தாக்காரர்களின் எண்ணம். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கை தானாக அசைய ஆரம்பித்துவிட்டது. பேனா இல்லை, காகிதம் இல்லை, விரல் பாட்டுக்குத் தொடைமேல் டிக் போட்டுக்கொண்டே போகிறது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்துவிடுவேன். "உக்கார்ற எடத்துல முள்ளா இருக்கு?" என்று என் மனைவி கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள். நான் அவளிடம் சொல்லும் சமாதானம் ஒன்றுதான். என் பங்குக்கு உட்காரவேண்டியதை எல்லாம் இளவயதில் ஒரே வருஷத்தில் உட்கார்ந்து தீர்த்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

எம்.ஏ. முடித்துவிட்டு ஹவுராவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் சும்மா இருந்த காலம் அது. கல்வி உளவியல் படித்தவனுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று எனக்கும் தெரியாது, கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது. என் பேராசிரியர் ஒருவருக்கு ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் எப்போதும் பொரி. பேசும்போது பொரியும் சேர்ந்து பறக்கும். அவரை நாங்கள் ஸார் என்றுதான் கூப்பிடுவோம். என்னை உதவியாளனாக எடுத்துக்கொண்டார். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஐந்தாம் வகுப்பு, ஏ, பி என்று இரண்டு செக்ஷன். இரண்டிலும் மாறி மாறிக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் என்ன செய்கிறார் என்று குறிக்கவேண்டும். ஒற்றைக் காதில் இயர்போன். சட்டைப்பையில் சின்ன டேப் ரிக்கார்டர். அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அது 'பீப்' என்னும். அந்த விநாடியில் டீச்சர் விளக்குகிறாரா, கேள்வி கேட்கிறாரா, திட்டுகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று பார்த்து அந்தந்தக் கட்டத்தில் டிக் போடவேண்டும். இதை வீட்டில் சொன்னபோது அப்பா நியூஸ்பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "ஏலே, எம்மேய படிச்சு முடிச்சவன திரும்பவும் அஞ்சாங்கிளாஸ்லயா கொண்டு உக்கார வச்சிருக்கானுவ?" என்றார்.

ஏ செக்ஷனுக்குப் புதுமுறை. பிள்ளைகள் நாலு நாலு பேராகத் திரும்பி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வண்ண அட்டைகள் உண்டு. தினமும் சின்னதாக ஒரு கேள்வி. அதற்கு மார்க் கிடையாது, எங்கே தடுக்கிறது என்று டீச்சர் ஒரு வரி எழுதித் தருவார், அவ்வளவுதான். அந்த டீச்சர் பரோமிதா. வயதில் என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், அதனால் எனக்குப் பரோமிதா-தி. 'தி' என்றால் வங்காள மொழியில் அக்கா. அவர் தற்காலிக வேலையில் இருந்தார். இரண்டு செக்ஷனுக்கும் பொதுவான வருஷக் கடைசிப் பரீட்சையில் ஏ செக்ஷன் முந்திக்கொண்டால் புதுமுறையை எல்லா வகுப்புக்கும் கொண்டுவருவோம், அதைப் பார்த்துக்கொள்ள உன்னை நிரந்தரமாக்குவோம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் வாக்குக் கொடுத்திருந்தார். முந்தாவிட்டால் மார்ச்சோடு சரி. பரோமிதா-தியின் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

பி செக்ஷனுக்கு ஒன்றும் கிடையாது. மருந்து கொடுத்தவனையும் கொடுக்காதவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே மருந்தின் குணம் தெரியும்? மருந்து கொடுக்காத வகுப்பு அது. அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அங்கே டீச்சர் அலமேலு மிஸ். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக லேக் மார்க்கெட்வாசிகள். வெள்ளிக்கிழமை தோறும் டெஸ்ட். குறைந்த மார்க்கிலிருந்து ஆரம்பித்து உரக்க வாசிப்பார். முதல் பெயர் வாசிக்கப்படும் முன்னால் வகுப்பு மூச்சுவிடாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் நானே டிக் போட மறந்துவிடுவேன்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரு நாள் மணி அடித்ததும் அலமேலு மிஸ் நேரே என்னிடம் வந்தார்.

"அங்க என்னடா ஒரே சிரிப்பு?"

"அது புதுமுறை மிஸ். ஆராய்ச்சி."

"அப்போ நான் யாரு?"

"நீங்க கன்ட்ரோல் மிஸ். வழக்கம்போல நடத்தறவங்க."

"வழக்கம்போலவா?" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஆசிரியர் மனம், கற்பித்தல் திறன் என்று நான் படித்த புத்தகங்களில் எதிலும் அந்த இழுத்துச் செருகலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுவாரம் அவர் ஒரு கூடை ஆரஞ்சோடு வந்தார். பின்னக் கணக்கு. ஆளுக்குப் பாதிப் பழம், கால் பழம் என்று பிரித்துக் கொடுத்து, பத்துச் சுளையில் ஒரு சுளை பத்தில் ஒன்று என்றார். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "இல்ல மிஸ், என் சுளை சின்னது. அவன் சுளை பெரிசு. ரெண்டும் எப்படிப் பத்துல ஒண்ணு ஆகும்?" வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. சமமாகப் பிரித்தால்தான் பின்னம் என்று ஒரு கட்சி, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று இன்னொரு கட்சி. அலமேலு மிஸ் திட்டவில்லை. மேஜைமேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். என் காதில் பீப், பீப் என்று அடிக்கிறது. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? விளக்கவில்லை, கேட்கவில்லை, திட்டவில்லை, சும்மாவும் இல்லை. 'மற்றவை' என்று ஓரமாக ஒரு கட்டம் உண்டு, அன்று அதுதான் நிரம்பி வழிந்தது. ஆராய்ச்சிக்காரன் வகுப்பில் எதிலும் கலந்துகொள்ளக்கூடாது என்பது விதி. எனக்கும் இரண்டு சுளை வந்தது, தின்றேன்.

இதை எழுதும்போதே ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மேலே சொல்கிறேன்.

என் தாள்களைப் பார்த்த ஸாருக்குப் பொரி தொண்டையில் சிக்கிக்கொண்டது. பி செக்ஷனில் திட்டு குறைந்துகொண்டே வருகிறது, கேள்வி ஏறிக்கொண்டே போகிறது. கன்ட்ரோல் இப்படிக் கட்டறுத்துக்கொண்டு ஓடினால் எதை எதோடு ஒப்பிடுவது? "நீயும் மெட்ராஸி, அந்தம்மாவும் மெட்ராஸி. போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வா" என்று என்னை அனுப்பிவைத்தார். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாள் முழுக்கச் சிரித்திருப்பார். ஒரு டீச்சர் வீட்டுக்குப் போய், தயவுசெய்து இவ்வளவு நன்றாக நடத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காபி வந்தது. வானிலை, ஹவுரா, அப்பா உடம்பு எல்லாம் பேசினோம். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில் எப்படியோ விஷயத்தைக் கக்கினேன்.

"அதாவது, இன்னும் கொஞ்சம் மோசமா நடத்துன்னு சொல்ல வந்திருக்கே."

"ஐயோ, இல்ல மிஸ். வழக்கம்போல..."

"என் வழக்கம் எதுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியாதுடா. இத்தனை வருஷமா என் கிளாஸ்ல ஒருத்தர் வந்து உக்காந்ததில்லே. இன்ஸ்பெக்டர்னு வருவா, வாசல்ல நின்னு ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டுண்டு போயிடுவா. நீ ஒருத்தன் பின்னாடி உக்காந்துண்டு, நான் வாயைத் தொறந்தா எழுதிக்கறே. எனக்கு எப்படியோ இருந்தது, பழையபடி வரமாட்டேங்கறது."

நான் பரோமிதா-தியின் வேலையைப் பற்றிச் சொன்னேன். ஏ முந்தாவிட்டால் மார்ச்சோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அலமேலு மிஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது அவளுக்குத் தெரியுமோ?"

"நல்லாவே தெரியும் மிஸ்."

"தெரிஞ்சுண்டேவா? அந்த அட்டையெல்லாம் அவதான்டா எனக்குக் குடுக்கறா. டிபன் வேளையில கூப்ட்டு வெச்சு எப்படி நடத்தறதுன்னு சொல்லியும் தரா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் பரோமிதா-தியைத் தாழ்வாரத்தில் மடக்கினேன். இது உங்கள் வேலைக்கே உலை வைக்கிற காரியம், தெரியுமா என்றேன். "ஜானி தோ" என்றார், தெரியுமே என்று, நேரம் கேட்டவனுக்கு நேரம் சொல்வதுபோல. "பி செக்ஷன் பொண்ணு ஒருத்தி என்கிட்ட வந்து, நாங்க என்ன தப்பு செஞ்சோம், எங்களுக்கு ஏன் அட்டை இல்லைன்னு கேட்டா. ஆராய்ச்சி பண்றவன் நீதானே, நீயே சொல்லு, அவளுக்கு என்ன சொல்றது?" எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேலா, ஸார்மேலா, என்மேலேயா என்று தெரியவில்லை. ஸாரிடம் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். வருஷம் முக்கால்வாசி போய்விட்டது, பணமும் ஒரு வருஷத்துக்குத்தான்.

அலமேலு மிஸ் பழையபடி நடத்திப் பார்த்தார். உண்மையாகவே முயன்றார். அட்டைகளைப் பூட்டி வைத்துவிட்டு, போர்டில் எழுதிப் போட்டு, எல்லாரும் பார்த்து எழுதுங்கோ என்றார். பிள்ளைகள் தாங்களாகவே பெஞ்சைத் திருப்பிப்போட்டு ஒருவருக்கொருவர் விளக்க ஆரம்பித்துவிட்டார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பசங்களைக் கொஞ்சம் தப்பாப் போடச் சொல்லட்டுமாடா?" என்றார். வெள்ளிக்கிழமைகளில் அரை மார்க்குக்குக் கூட மனம் இளகாத மனுஷி. நான் "மிஸ்!" என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, பிள்ளைகள் தெரிந்ததை எழுதினார்கள்.

திருத்திக் கூட்டிப் பார்த்தால் ஏ செக்ஷனும் பி செக்ஷனும் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு இவ்வளவு தேறி நாங்கள் பார்த்ததே இல்லை என்று பழைய டீச்சர்கள் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆராய்ச்சி கேட்ட கேள்வி அது இல்லை. ஏ முந்தியதா, இல்லையா? முந்தவில்லை. அலமேலு மிஸ் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போய், எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தப் பெண்தான் என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினாராம். ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் அறிக்கையின் கடைசி வரியை, 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்பதை, காட்டினாராம்.

மார்ச் கடைசி நாளில் பரோமிதா-தியை வழியனுப்ப ராஷ்பிஹாரி முனை வரைக்கும் கூட நடந்தேன். டிராமுக்காக நின்றோம். அவர்தான் கேட்டார்.

"கடைசிக் கணக்கு கஷ்டமாச்சே. பி-ல எத்தனை பேர் போட்டாங்க?"

"நிறையப் பேர், பரோமிதா-தி. ஏ-யை விடவே கொஞ்சம் கூட."

சத்தமாகச் சிரித்தார். "அலமேலு-திகிட்ட சொல்லிடாதே, தலைகால் புரியாது." சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறிவிட்டது. டிராம் வந்தது, ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வருஷம் ஒரு காரியமாக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. தாழ்வாரத்திலேயே அலமேலு மிஸ்ஸின் குரல் கேட்டது, குறைந்த மார்க்கிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல அடுத்த பெயரை வாசித்தார். பிறகு ஓய்வுபெற்று மகனோடு பெங்களூர் போய்விட்டதாகக் கேள்வி. ராஷ்பிஹாரியில் இப்போது டிராமும் இல்லை. ஸாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் மகள் படிக்கிற இடத்தில் ஒரு வகுப்புக்கு நாலு செக்ஷன். மார்க்கைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நல்ல மார்க் ஏ, அதற்கடுத்தது பி, கடைசிக்கு டி. மாதத்துக்கு ஒருமுறை போனில் கோடு கோடாகப் படம் வருகிறது, எந்தச் செக்ஷன் எங்கே நிற்கிறது என்று. எல்லாப் பெற்றோரும் அதை விழுந்து விழுந்து பார்க்கிறார்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவுக்கு எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் என்று பேசிக்கொள்கிறார்கள். என்னால் அந்தப் படத்தின் முன்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறேன். இரண்டு வகுப்புக்கு நடுவில் வித்தியாசமே இல்லாமல் இருந்ததை என் ஆயுளில் ஒரே ஒரு வருஷம் பார்த்திருக்கிறேன். இரண்டு பெண்கள் சேர்ந்து, அதில் ஒருத்தி தன் சோற்றையே பணயம் வைத்துச் செய்த காரியம் அது. நாங்கள் அதைத்தான் தோல்வி என்று எழுதிக்கொடுத்தோம்.