இரத்தினம்மா வாய்மூடி இருந்த மூன்று மாதம்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இரத்தினம்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்லை. அந்த வாயையே அவள் மூன்று மாதம் பூட்டி வைத்திருந்தாள். ஷெல் விழுந்து மகன் செத்த வருசம், இளைய மகள் அன்னப்பூரணி, "தண்ணி என்னைக் கூப்பிடுது" என்று சொல்லிக்கொண்டு இரண்டு தரம் வாவிக்குள் இறங்கினாள். இரண்டு தரமும் தோணிக்காரர்தான் இழுத்துக் கரையில் போட்டார்கள்.

ஊர் பேய் என்றது. இரத்தினம்மாவின் அண்ணன் நல்லரத்தினம் பூசாரியைக் கூட்டிவந்து, பிள்ளையை வேப்பங்குழையால் அடிப்பித்து, கழுத்தில் அச்சரக்கூடும் கட்டுவித்தான். செப்புக் குழல், உள்ளே மந்திரத் தகடு. "தகடு போய்த் தண்ணிக்குள்ள இறங்கிற புள்ளையைப் பிடிக்குமோ?" என்று இரத்தினம்மா அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, மகளை வள்ளம் ஏற்றி டவுண் இருக்கும் எழுவான்கரைக்குக் கொண்டுபோனாள்.

ஆசுபத்திரியில் மனநோய்க்குப் பார்க்கிற டொக்டர் அன்னப்பூரணியை ஒரு மணித்தியாலம் பேசவிட்டுக் கேட்டார். அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு மாதத்துக்கு, நாளுக்கு ஒன்றாய் விழுங்கக் குளிசை கொடுத்து, ஒரு நாளும் தவறக்கூடாது என்றார்.

திரும்பும்போது வள்ளம் ஏறும் துறையடி இராணுவச் சோதனைச்சாவடியில் ஏழு குளிசையை விட்டு மிச்சத்தைப் பறித்தார்கள். அக்கரைக்கு மருந்து போனால் இயக்கப் பொடியன்மாருக்குப் போகுமாம். மனநோய்க் குளிசையை எவன் காயத்துக்கு வைத்துக் கட்டுவான்? கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் மகள் நடுங்கிக்கொண்டு நின்றாள், அதனால் விழுங்கிக்கொண்டு வந்தாள். பத்தாம் நாள் அன்னப்பூரணி மறுபடியும் வாவிக்குள் நின்றாள், பூசாரி கட்டிய கூடு நனைய.

அடுத்த கிளினிக் அன்று இரத்தினம்மா டவுணில் பெரிய கூடு மூன்று வாங்கினாள். தகடில்லாத வெறும் கூடு. குளிசையை நெருக்கி அடைத்து, மெழுகால் மூடி, தன் கழுத்தில் கட்டினாள். சாவடியில் சோதித்த பெண் கூட்டைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். சூனியத்துக்கு அவளும் பயம். மூன்று மாதம் இப்படியே போனது. அன்னப்பூரணி தன் தலையைத் தானே வாரினாள், சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"பூசாரிட கூடு வேலை செய்திட்டு, பாத்தியளா?" என்று நல்லரத்தினம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் கதை துறையடிக்குப் போகும், மகளின் குளிசை நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் இரண்டு வீடு தள்ளியிருக்கும் சீதேவிப்பிள்ளை வந்தாள். சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் அடித்து அனுப்பிய நாளிலிருந்து அவள் புருசன் வினாயகமூர்த்திக்குப் பேச்சில்லை, சாப்பாடில்லை. காலையில் அவன் கையிலிருந்து கயிற்றைப் பறித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அன்னத்துக்குக் கட்டின பூசாரியை உங்கட அண்ணன் நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாறாராம். கட்டினாச் சுகம் வரும்தானே அக்கா?"

இரத்தினம்மாவுக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. சாவடி மேல், அண்ணன் மேல், ஊருக்குள் ஒரு பொய்யை வளரவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த தன் மேல். கழுத்துக் கயிற்றை அறுத்தாள். மெழுகைப் பல்லால் கடித்தெடுத்து, கூட்டை உள்ளங்கையில் தட்டினாள். வெள்ளைக் குளிசை ஐந்து விழுந்தது.

"இஞ்ச பாருகா, என்ட புள்ளையைக் காப்பாத்தினது இது. நாளைக்கு முதல் வள்ளத்துக்கு உன்ட புருசனைக் கூட்டிக்கொண்டு வா, டொக்டரிட்டப் போவம். வரக்குள்ள தகடில்லாத வெறுங்கூடு ரெண்டும் கட்டிக்கொண்டு வா. பெரிசாப் பாத்து."