தனம் அக்காவும் நாங்கள் காப்பாற்றிய நவார் நாடும்

தனம் அக்கா போய்விட்டார்.

இன்று காலை ராசிபுரத்தில் இருந்து அவர் மகள் போன் செய்தாள். மூன்று மாதமாகவே உடம்பு சரியில்லை, தெரிந்ததுதான்... இருந்தாலும் போனை வைத்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

நான் எட்டாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். கொல்லிமலை செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். அக்கா கம்ப்யூட்டரில் டைப் அடிப்பார், நான் கூட்டிப் பெருக்கி ஜெராக்ஸ் எடுப்பேன்.

அக்கா தினமும் அடிவாரத்தில் இருந்து முதல் பஸ்ஸில் மேலே வருவார். மழை பிடித்துக்கொண்டால் மதியத்துக்கு மேல் கடைக்கு ஒரு ஆள் வராது.

அப்போதுதான் அந்த கேம்.

யாரோ கொடுத்த சிடி. போட்டால் உலக மேப் விரியும். ஒரு நாட்டை நாம் எடுத்துக்கொண்டு முந்நூறு வருஷம் அழியாமல் காப்பாற்ற வேண்டும்.

அக்கா எப்போதும் பெரிய நாடாக எடுப்பார். நாலு பக்கமும் சண்டைக்குப் போவார், பாதியில் எல்லாம் சிதறிவிடும். ஒன்றைக்கூட முடித்ததில்லை.

ஒரு நாள் என்னிடம், "நீ ஒண்ணு எடு புள்ள" என்றார். நான் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் நகத்தளவு இருந்ததைக் காட்டினேன். மலை மேலே இருந்தது, அதனால்தான்.

"நவார்... அடக் கடவுளே, இத எடுத்தா பத்து நிமிசம் தாங்காது."

"இந்த மலையில எங்க பெரக்கரை நாடு எத்தன பெருசுங்கக்கா? பத்துப் பதினஞ்சு ஊரு. தாங்குதில்ல?"

"உம்பட படை ஆயிரம் பேருதான். அன்னாசிப் பழம் பறிக்கத்தான் ஆகும்" என்று சிரித்தார்.

இங்கிலீஷை அக்கா படித்துச் சொல்வார். என்ன செய்வது என்று நான் சொல்வேன். அப்படித்தான் ஆடினோம்.

பிரான்ஸ்காரன் எங்கள் மலை வழியாகப் படை கொண்டுபோக வழி கேட்டான். அக்கா கூடாது என்றார்.

"தடத்த மறிக்கக் கூடாதுங்கக்கா. நாளைக்கு நாமளும் அவங்க காட்டு வழியாப் போகோணுமில்ல?" என்றேன். விட்டோம். ஒரு தொந்தரவும் இல்லாமல் போய் வந்தான்.

பிறகு ஸ்பெயின் ராஜா வீட்டில் இருந்து சம்பந்தம் பேசி வந்தது. அக்காவுக்கு ஒரே குஷி. "பெரிய எடம் புள்ள! ஒத்துக்கலாம்."

நான் பார்த்தேன். அவர்கள் கொடியிலும் சிவப்பு மஞ்சள், எங்கள் கொடியிலும் சிவப்பு மஞ்சள்.

"இவங்க நமக்குப் பங்காளிங்கக்கா. பங்காளி ஊட்டுல போய் யாராச்சும் பொண்ணு கட்டுவாங்களா? அசிங்கம்!"

அக்கா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார்... கண்ணில் தண்ணீர் வரும் வரை. ஆனாலும் எனக்காக வேண்டாம் என்று அழுத்தினார்.

ஸ்பெயினுக்குச் சம்பந்தியான இன்னொரு குட்டி நாட்டில் ராஜா வாரிசு இல்லாமல் செத்தான். நாடு மொத்தமும் ஸ்பெயினுக்குப் போய்விட்டது. சம்பந்தம் வைத்தால் அப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது.

அக்கா மவுஸை என் பக்கம் தள்ளி வைத்தார். அப்புறம், "இனிமே நீயே சம்பந்தம் பேசு சாமி" என்றார்.

அந்த வருஷம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. கல்யாணத்தோடு வேலையையும் விடுகிறார்.

"இது ஒண்ணையாச்சும் முடிச்சுப் பார்த்துட்டுப் போகோணும் புள்ள" என்று தினமும் சொல்வார். எனக்கும் அதே நினைப்புதான்.

கடைசி நாள்... இன்னும் பதினோரு வருஷம் பாக்கி. ஸ்பெயின் படையோடு வந்து எங்கள் கோட்டையைச் சுற்றி நின்றுகொண்டது.

நாலு மணி பஸ்ஸுக்கு அக்காவின் அப்பா வாசலில் வந்து நின்றார். அக்கா பையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "வெளிய போய்ச் சண்ட போடாத. உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் தனியாக உட்கார்ந்தேன். உள்ளேயே இருந்தேன். குளிர்காலம் வந்தது, மலையில் அவன் படை கரைய ஆரம்பித்தது.

திடீரென்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. முழுக்க இங்கிலீஷ், கீழே இரண்டு பட்டன். எதை அழுத்துவது?

அத்தனை எழுத்தையும் வீணாய்ப் போன ஜெராக்ஸ் பேப்பரின் பின்பக்கம் பார்த்துப் பார்த்து எழுதினேன். கடை வாசல் காயின் போனில் அக்காவின் பக்கத்து வீட்டுக்குப் போட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அங்கே பந்தல் போடும் சத்தம். "என்ன புள்ள, இருக்குதா போச்சா?"

"ஒரு லெட்டர் வந்திருக்குதுங்கக்கா. பி... ஈ... ஏ... சி... ஈ..."

"சமாதானம்! சமாதானம் கேக்கறான் புள்ள! மிச்சத்தப் படி, நெலம் கேக்கறானான்னு பாப்போம்."

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், அக்கா கூட்டிச் சொன்னார். ஒரு சாண் நிலம்கூடக் கேட்கவில்லை.

"எடது பக்கத்துப் பட்டன அழுத்து. ஓடு!"

ஓடினேன். அழுத்தினேன். மிச்ச வருஷத்தையும் அன்றைக்கே ஓட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கல்யாணத்தன்று வரிசையில் நின்று மேடை ஏறினேன். அக்கா பட்டுப்புடவையில் தலை குனிந்து நின்றார். காதோரம் போய், "முடிஞ்சுதுங்கக்கா. நம்ம நாடு அப்பிடியே இருக்குது" என்றேன்.

அக்கா வாய் விட்டுச் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து போட்டோகாரர் எடுத்ததுதான் இங்கே போட்டிருக்கும் படம். கல்யாணப் பெண் இப்படியா சிரிப்பாள் என்று பெரியவர்கள் திட்டினார்கள்.

மாமா, இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?" என்று மேடையிலேயே கேட்டீர்கள். அக்கா, "அது எங்க நாட்டு விசயங்க" என்று மட்டும் சொன்னார்.

இதுதான் மாமா.

நல்லபடியாப் போங்கக்கா...